தலையெழுத்தும் காலத்தில் பார்ப்பதும்

நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகு தெரியவந்தால், பார்க்க வருகிறவர்கள் 'எல்லாம் அவ தலையெழுத்து' என்பார்கள். ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ஆனாலும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நோய் வந்தது ஊழ் என்றே வைத்துக்கொள்வோம். முற்றும்வரை அது எவர் கண்ணிலும் படாமல் போனதும் ஊழ்தானா? இல்லை என்பதே என் முடிவு. நோய் யாருக்கு வரும் என்பது நம் கையில் இல்லாமல் இருக்கலாம். யாருக்கு அது காலத்தில் தெரியவரும் என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. தமிழ்நாட்டிலேயே நூற்றுக்கு ஆறு பேரை எட்டவில்லை. இந்தக் குறைவிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. நெய்வேலி நகரியத்தில் வாழும், பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்நிறுவனத்தின் பொது மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. கம்மாபுரம் பக்கத்தில் கூலிக்குப் போகும் பெண்ணோ ஒரு நாள் கூலியை இழந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சந்தேகம் உறுதியானால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ பலமுறை அலைய வேண்டும். அமெரிக்காவிலும் இத்தகைய ஏற்றத்தாழ்வைக் காணலாம். அங்கே கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. இறப்பு விகிதமோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். வீரியமான கட்டிகள் அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால், மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேவுக்குப் பிறகு திசுப் பரிசோதனையும் சிகிச்சையும் தாமதமாவதும் உயிரைப் பறிக்கிறது. விதிக்கு நிறமும் தெரியாது, வேலை நிரந்தரமா ஒப்பந்தமா என்பதும் தெரியாது. இந்த வேறுபாடுகளை அறிந்து நடப்பவை மனிதர்கள் வகுத்த ஏற்பாடுகளே.

ஊழை மறுப்பது நம் மரபை மறுப்பதாகாதா என்று கேட்கலாம். ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் மருந்துக்கும் அதிகாரம் தந்தார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்று மருத்துவத்தை நான்கு கூறாகவும் வகுத்தார். நோயாளியை மட்டும் பொறுப்பாக்காத பார்வை அது. பெண்களே கூச்சத்தால் வருவதில்லை என்பது அடுத்த வாதம். கூச்சம் உண்டுதான்; மறைவான அறையும் பெண் பணியாளரும் இருந்தால் அது பெரிதும் குறையும். ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்றும் கேட்பார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் ஒரு பாதியினருக்குப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதனை செய்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை என்றாலும், விலையுயர்ந்த கருவி இல்லாமலே உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஊழ் என்ற சொல்லுக்கு இடம் உண்டு. செய்ய வேண்டிய அனைத்தையும் செய்தும் ஓர் உயிரை இழந்தபின், துயரத்தைத் தாங்க அது துணையாகட்டும். செய்யாமல் விட்டதை மறைக்க அதை எடுத்தாள்வது அறமல்ல. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் 2021 முதல் வீடு தேடி வருகிறது தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். மார்பகப் பரிசோதனையும் அதன்பின் வேண்டிய சிகிச்சையும், சுரங்கத்துக்கு நிலமும் உழைப்பும் தந்த ஒவ்வொரு ஊரின் பெண்ணுக்கும் அதே உறுதியோடு கிடைக்க வேண்டும். அரசும் நிறுவனமும் இதைச் சலுகையாக அல்ல, கடமையாகச் செய்யட்டும்.