வெடிக்காத துப்பாக்கி

துப்பாக்கி உரிமம் கேட்டுக் கலெக்டருக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிப் பக்கத்துத் தோட்டத்து மாமா இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எழுதுகிறவன் என்று ஊரில் பெயர் வாங்கியவனுக்கு இந்த உத்தியோகம் தப்பாது. பட்டா மாறுதலுக்கும் மின் இணைப்புக்கும் முதியோர் பென்ஷனுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அரைமணி நேர வேலை. இதை மட்டும் எழுத முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளும் முயற்சிதான் இது.

மாமாவின் பயம் பொய்யில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். கிணறு இருக்கும் இடத்தில் வீடு என்பது கொங்கு நாட்டுக் குடியிருப்பின் தர்க்கம். அவிநாசியைச் சுற்றித் தோட்டத்துச் சாளைகள் ஊரைவிட்டு விலகி, கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் ஒவ்வொன்றாக நிற்கின்றன. முன்பு ஒரு சாளையில் பத்துப் பேர் படுத்துக் கிடப்பார்கள். இன்று இரண்டு கிழடுகள், ஒரு நாய். பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியோடு போய்விட்டார்கள். 2024 நவம்பரில் பல்லடத்துக்கு அருகே ஒரு சாளையில் தாய், தந்தை, மகன் மூவரும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். ஆறு மாதம் கழிவதற்குள் சிவகிரிப் பக்கம் இன்னொரு தோட்டத்தில் ஒரு முதிய தம்பதி. அதற்குப் பிறகு நாய் குரைத்தால் மாமா எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். விடியும் வரை அப்படியே இருக்கிறார். அகிம்சையைப் பற்றி நான் படித்திருக்கும் புத்தகங்களில் எதையும் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூன்று பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டிய டவுன் வீட்டில் தூங்குகிறவன் பேசும் அகிம்சை அது.

துப்பாக்கி எனக்கு அன்னியப் பொருளும் அல்ல. எங்கள் சாளையின் ஆசாரத்தில் அப்பாரு காலத்திலிருந்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக் குழல். வாய்வழியாக மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்து, ரவையைப் போட்டு, மறுபடி நாரை அடைத்து, கடைசியில் கேப்பு வைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. உரிமத்தில் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதியிருக்கும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்த ஜாதித் துப்பாக்கியைப் பயிர்க்காவலுக்கு என்று தனியாகவே குறிப்பிட்டு இடம் கொடுத்திருக்கிறது. அப்பா அதில் ரவை போட்டு நான் பார்த்ததில்லை. சோளம் பால் பிடிக்கும் நாட்களில் வெறும் மருந்தை இடித்து வானத்தைப் பார்த்துச் சுடுவார். கிளிக்கூட்டம் எழுந்து அடுத்தவன் காட்டில் போய் இறங்கும். அவர் சுடுவார், எங்கள் காட்டுக்குத் திரும்பும். இந்த வினியோகத்தில் கிளிகளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

சுவரில் ஒரு துப்பாக்கியைத் தொங்கவிட்டால் நாடகம் முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும் என்று செகாவ் சொன்னதை நம் நண்பர்கள் சந்தர்ப்பம் கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்து வீசுகிறார்கள். கலைக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் ஆசாரத்தில் தொங்கிய துப்பாக்கி மூன்று தலைமுறை மனிதர்மேல் வெடிக்கவே இல்லை. ஆனால் செய்ய வேண்டிய வேலையை அனேகமாகச் செய்து முடித்துவிட்டது. இது எனக்குத் தெரிய வந்தது மிகவும் பிந்தித்தான். எங்கள் பண்ணையத்தில் இருந்த அருந்ததியர் ஒருவரின் மகன் இப்போது திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். பேருந்து நிலையத்து டீக்கடையில் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: “எங்கய்யன் உங்க வாசல்ல வந்து நிக்கறப்ப உங்கப்பா மூஞ்சியப் பாக்க மாட்டாருங்க. அந்தச் செவுத்தத்தான் பாத்துட்டு நிப்பாரு.”

அது கிளி ஓட்டுகிற துப்பாக்கிதானே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. அதில் ரவை கிடையாது என்பது அவருடைய அய்யனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பரண்மேல் காவல் உட்கார்ந்தவர் அவர்தான். மருந்துப் பையைச் சுமந்துகொண்டு அப்பாவின் பின்னால் நடந்தவரும் அவர்தான். துப்பாக்கியை மட்டும் தொட்டதில்லை. ரவை இல்லாத குழல் என்று தெரிந்தும் ஒருவர் ஐம்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்றால், அவர் பார்த்தது எதை?

துப்பாக்கி வைத்திருப்பவர்களின் வாதங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அவற்றில் பாதி நியாயமானது. தேர்தல் அறிவித்த மறுநாள் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிடுவார். 2024இல் மார்ச் மத்தியில் ஒப்படைத்தவர்கள் ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு, ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடியும் வரை காத்திருந்தார்கள். ஒரு நண்பருக்குக் குழல் துருப்பிடித்துத் திரும்பி வந்தது. ‘நாட்டையே ஒருத்தன் கையில் கொடுக்கிறதுக்கு என்னை நம்பறாங்க, என் துப்பாக்கியை என் கையில் கொடுக்க நம்ப மாட்டேங்கறாங்க’ என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் கிடைக்கவில்லை. களவாணி விண்ணப்பம் போட்டு உரிமம் வாங்குவதில்லை என்பதும் உண்மை. பயிர்க்காவல் என்பதோ பெயரளவில்தான். மயில் 1963இல் தேசியப் பறவையாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. முருகனின் வாகனம் என்பது வேறு. காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று 2025 ஜனவரியில் சர்க்கார் அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறையே சுடும். குடியானவன் துப்பாக்கி சுவரில் தொங்கலாம். கேரளத்தில் 2022இலேயே உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி தர, உரிமம் உள்ளவர்கள் சுட வழிசெய்துவிட்டார்கள் என்று இங்கே எல்லோரும் பாலக்காட்டுப் பக்கம் கைகாட்டுகிறார்கள்.

தரத்தைப் பற்றிய புகார் இன்னொன்று. 1980களின் நடுவில் தனிமனிதர் துப்பாக்கி இறக்குமதி அடைபட்ட பிறகு, சர்க்கார் தொழிற்சாலை கொடுப்பதுதான் பிரசாதம் என்றாயிற்று. ஈஷாபூரில் செய்யும் .315 ரைபிளின் அளவே நம்மீது அவநம்பிக்கையால் பிறந்தது. .303 ராணுவத் தோட்டா குடிமகன் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்று வெள்ளைக்காரன் விலக்கிவைக்க, சந்தை தேடிக்கொண்ட மாற்றளவு அது. சுதந்திரம் வந்தது, அளவு மாறவில்லை. பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் நகைபோலக் கைமாறுகின்றன. 2014இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைக் கான்பூரில் செய்து வெளியிட்டார்கள். விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனியிலிருந்து விடுதிக்கு நடக்கும் பெண் இதை எந்த வாரச் சம்பளத்தில் வாங்குவாள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தப் புகார்களுக்கு ஒரு வம்சாவளியும் உண்டு. கட்டபொம்மனை 1799இல் கயத்தாற்றிலும் தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரியிலும் தூக்கிலிட்ட கம்பெனி, பாளையங்களின் ஆயுதங்களையும் பறித்தது. 1878இல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. காந்தியே 1918இல் கேடாவில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும்போது இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் மிகக் கறுத்த செயலாகச் சொன்னார். 1931 கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. கடைசியில் 19ஆம் ஷரத்தில் ஆயுதம் ‘ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை’ என்ற எதிர்மறையில்தான் நுழைந்தது. இந்த நாட்டில் எவர் எவருக்கு ஆயுதம் மறுக்கப்பட்டது என்பதை அந்தச் சபையில் அவரைவிட அறிந்தவர் யார்? உரிமை என்று எழுதிவிட்டால் அது எவர் வீட்டுச் சுவரில் போய்த் தொங்கும் என்பதையும் அவர் அறிந்திருப்பார் என்பது என் ஊகம்.

நான் சந்தித்த துப்பாக்கிக்காரர்கள் எல்லோருக்கும் 1878 தெரியும். 1995 தெரியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு அந்த ஆண்டு செய்த விதிகளில் மூன்றாவது விதி ஒன்று இருக்கிறது. கொடுமை நிகழக்கூடிய இடம் என்று கண்டறிந்த பகுதியில், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை சர்க்கார் கிடங்கில் சேர்க்க வேண்டும் என்கிறது. தேவை என்று கண்டால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுவரில் தொங்குவது எந்தப் பக்கம் பார்த்துத் தொங்குகிறது என்பதைச் சட்டம் ஒரே ஒரு இடத்தில் கண்டுகொண்டிருக்கிறது. கீழ்வெண்மணிக்கு (1968, நாற்பத்து நான்கு உயிர்கள்) இருபத்தேழு வருஷம் கழித்து. அந்த இரவிலும் நெருப்புக்கு முன்னால் வந்தது துப்பாக்கி.

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை எல்லோருக்கும் பொது என்றுதான் அவர்கள் சட்டம் 1791இலிருந்து சொல்கிறது. 1967இல் கலிபோர்னியாவில் கறுப்பு இளைஞர்கள் அதை அப்படியே நம்பித் தோளில் துப்பாக்கியோடு வீதியில் நடந்தார்கள். உடனே பொதுவிடத்தில் குண்டிட்ட துப்பாக்கி ஏந்தத் தடைச் சட்டம் வந்தது. கையெழுத்திட்ட கவர்னர் ரீகன். அவ்வளவு தூரம் போவானேன், மைசூருக்கு மேற்கே குடகில் கொடவர்களுக்கு உரிமமே வேண்டாம் என்று வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கை, 2019இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்திருக்கிறார்கள். அவர்கள் துப்பாக்கிக்குப் பூவைத்துப் பூஜை செய்கிறவர்கள், அதைப் பழிக்க எனக்கு நோக்கமில்லை. குடிமகனை சர்க்கார் நம்புகிறதா என்று கேள்வியைப் போட்டால் பதில் சுலபமாக வந்துவிடுகிறது. எந்தக் குடிமகனை என்று கேட்கும்போதுதான் பேச்சு தடைப்படுகிறது.

ஒன்றை நான் மிகைப்படுத்தவும் கூடாது. துப்பாக்கிதான் பயத்தை உண்டாக்குகிறது என்று சொன்னால் பொய்யாகிவிடும். 2018இல் அவிநாசிக்கு அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் ஓர் அருந்ததியப் பெண் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. அங்கே ஒரு துப்பாக்கியும் இல்லை. சோற்றுப் பானையே போதுமானதாக இருந்தது. எங்கள் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதி; சபாநாயகராக இருந்தவரே இங்கிருந்து இரண்டு முறை போனார். சோற்றுப் பானைக்கு அது எட்டவில்லை. ஆசாரத்துச் சுவரில் துப்பாக்கி இருந்ததும் இல்லாததும் ஒன்றே என்று ஒருவர் வாதிட்டால் நான் முழுக்க மறுக்க மாட்டேன். அப்பா இறந்த பிறகு நாங்கள் யாரும் உரிமத்தைக் கேட்கவில்லை, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். இரண்டு ஆணிகளும் அவற்றின் நடுவே சுண்ணாம்பு வெளுக்காத ஒரு நீளமும் இன்னும் இருக்கின்றன. கட்டிங் மாஸ்டர் போன தை மாதம் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், காப்பி குடித்தார். உட்காருமுன் அவர் கண் ஒரு தடவை அந்த ஆணிகளுக்குப் போய் வந்தது.

இந்தச் சிக்கலையெல்லாம் மாமாவிடம் விளக்க முடியாது. வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். “ஊருக்குக் கெழக்கால அந்தத் தெருவுலயும் வயசானவங்க தனியாத்தான இருக்கறாங்க மாமா. அவிக வந்து இதே மாதிரி எழுதிக் கேட்டா, நான் எழுதிக் குடுக்கட்டுங்களா?”

“அவிகளுக்கு எதுக்கு மாப்ள? அவிககிட்டக் களவு போறதுக்கு என்ன இருக்குது?”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கல்யாணம், சாவு என்றால் அந்தத் தெருவுக்கு முதலில் பணம் கொடுத்து அனுப்புகிறவர் அவர்தான். நான் பேசாமல் இருந்ததைக் கண்டு கொஞ்ச நேரம் மாட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல், “அப்பறம் நாம எப்படி இருக்கறது?” என்றார்.

விண்ணப்பத்தை நேற்று இரவு எழுதி முடித்தேன். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பின்றி என்று தொடங்கினேன். ‘உடைமைக்கும்’ என்பதை அடித்தேன். மாமி கழுத்தில் கிடக்கும் சங்கிலி ஞாபகம் வந்தது, மறுபடி சேர்த்தேன். காரணம் என்ற இடத்தில் ‘தனிமை’ என்று எழுதினால் ஆபீசில் சிரிப்பார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அந்த வரி மட்டும் பாக்கி. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.