பூச்சி வராது

அக்காவின் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு என்று தெரிந்த அன்றே பாட்டியின் அந்துருண்டைகள் வீட்டைவிட்டு வெளியேறின. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுகிறார்கள். குறைபாடு இருந்தால் நாப்தலின் ஆகாது. மூச்சில் போனாலும் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை வரக்கூடும். தாதி கொடுத்த தாளில் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் அதுவும் இருந்தது.

பாட்டி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அல்மாரியைத் திறந்து, புடவைகளுக்கு இடையில் கிடந்த வெள்ளை உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பழைய மைலோ டின்னில் போட்டுக் கொடுத்தார். “பிள்ளைக்கு ஆவாதுன்னா வேணாம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “பூச்சி வந்துருமே” என்று மட்டும் சொன்னார்.

நான் சிவில் இஞ்சினியர். யாராவது குறை சொன்னால் உடனே எதையாவது கட்டிக்கொடுக்கலாமா என்று யோசிக்கும் புத்தி. இரண்டு இரவு இணையத்தில் தேடி, சீடார் பலகை பதித்த அல்மாரி என்று முடிவு செய்தேன். தமிழ் பைபிளில் வரும் கேதுரு லெபனான் மரம். தேவதாரு இமயமலை மரம். வாசனைப் பலகையாக விற்கப்படுவது பெரும்பாலும் இரண்டுமே இல்லை; வட அமெரிக்காவின் கிழக்கில் வளரும் ஒரு ஜூனிபர் வகை. ஒரு காலத்தில் பென்சில் செய்ததும் அதில்தான். பெட்டியைப் பிரித்ததும் ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

முழு அல்மாரியையும் அதில் செய்ய என் ஒரு மாதச் சம்பளம் பத்தாது. அதனால் கூடு பிளைவுட்டில். புடவை வைக்கும் பகுதியின் முதுகு, அடித்தளம், இரண்டு தட்டுகளுக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் சீடார். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடியில் போய் உட்காரும். ஆணி அதிகம் வேண்டாம். வார்னிஷ் அடிக்கவே கூடாது, அடித்தால் வாசம் உள்ளேயே அடைபட்டுவிடும். பலகைக்கு 380 ரிங்கிட், கீல், திருகாணி, பிளைவுட் எல்லாம் சேர்த்து 700க்குள் முடிந்தது. மூன்று வார இறுதிகள் போயின. கதவு மட்டும் இன்றுவரை லேசாக இடப்பக்கம் தொங்குகிறது.

இதுவரை சொன்னது பெருமை. இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

பலகை வந்து சேர்வதற்கு முன்பே நான் படித்துவிட்டேன். 1922இல் அமெரிக்க விவசாயத் துறை இந்தப் பெட்டிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த அந்துப் புழுவை மரம் கொல்லும். முட்டையையும் வளர்ந்த புழுவையும் பறக்கும் பூச்சியையும் ஒன்றும் செய்யாது. அந்த அளவுக்காவது வேலை செய்யப் பெட்டி காற்றுப் புகாமல் மூட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் அப்படி மூடினால் பூஞ்சை பிடிக்கும் என்று நானே கதவடியில் இடைவெளி விட்டிருந்தேன். வாசனை எண்ணெய் வேறு நாளாக நாளாக ஆவியாகிவிடும். அவ்வப்போது சேண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும்.

எல்லாம் தெரியும். அல்மாரியை அறைக்குள் நகர்த்தி வைத்த அன்று பாட்டி மோந்து பார்த்துவிட்டு, “இனிமே பூச்சி வராதில்ல?” என்று கேட்டார். “வராது பாட்டி” என்றேன்.

அதுவரை வருடத்துக்கு இரண்டு முறை, தீபாவளிக்கு முன்பும் தைப்பூசத்துக்குப் பிறகும், பாட்டி பதினொரு பட்டுப்புடவைகளையும் வெளியே எடுப்பார். ஐந்தடியில் பாய் விரித்து, வெயில் நேரடியாகப் படாமல் உலர்த்தி, உதறி, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மறுபடி விழாதபடி மாற்றி மடித்து வைப்பார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து வந்த பழக்கம். எல்லாம் பூச்சிக்காக என்றுதான் நான் நினைத்தேன். அல்மாரி வந்த பிறகு அது நின்றுபோனது. ‘பாட்டிக்கு ஒரு வேலை மிச்சம்’ என்று எனக்குச் சந்தோஷம்கூட.

பதினான்கு மாதம் கழித்து மாமா மகள் கல்யாணத்துக்காகத் திறந்தோம். ஒரு பூச்சி இல்லை, ஒரு ஓட்டை இல்லை. பாட்டியின் கல்யாணப் புடவையை அம்மா உதறியபோது, மடிப்பு விழுந்த கோட்டிலேயே ஜரிகைக் கரையோடு சேர்ந்து ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது. சத்தமே வரவில்லை. பழைய பட்டு ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் அந்த இடத்தில் இழை நொடிந்துபோகும். ஜரிகையின் உலோகம் அதை இன்னும் சீக்கிரம் அறுக்கும். இதை நான் பிறகுதான் படித்தேன்.

“நல்லதுக்குத்தானடா செஞ்ச” என்றான் நண்பன். அந்தச் சமாதானம் எனக்கு ஒட்டவில்லை. சைட்டில் ஒரு கட்டடத்தை ஒப்படைக்கும்போது, எதை எப்போது சோதிக்க வேண்டும் என்று எழுதிய கோப்பையும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். முன்பின் தெரியாத முதலாளிக்குக் காட்டும் அந்த மரியாதையைப் பாட்டிக்கு நான் காட்டவில்லை. குறையைச் சொன்னால் பரிசின் மதிப்பு குறைந்துவிடுமே என்று பயந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், பாராட்டு குறைந்துவிடுமே என்று. மடிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, சரி. மரத்தைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லியிருந்தால் பாட்டி அல்மாரியைத் திறந்துகொண்டே இருந்திருப்பார்.

ஒரு விஷயம் மட்டும் பிடிபடாமல் இருந்தது. அந்துருண்டையையும்தானே பாட்டி நம்பினார்? அது இருந்த காலத்தில் ஏன் மடிப்பு மாற்றுவதை நிறுத்தவில்லை? அவரிடமே கேட்டேன். 1922 ஆய்வையும் கதவடி இடைவெளியையும் சொல்லி முடித்த பிறகு.

“அது ஒட்டுக்கடையில வாங்குனதுய்யா. அதை நம்பி வுட முடியுமா? இது நீ கட்டுனது. திரும்பத் திரும்பத் தொறந்து பாத்தா உனக்கு ஒரு மாதிரி இருக்காது?”

அந்த வாக்கியத்தோடு பல நாள் இருந்துவிட்டேன். கடைச்சரக்கை நாம் சந்தேகத்தோடுதான் வாங்குகிறோம். அந்தச் சந்தேகமே ஒரு பாதுகாப்பு. நமக்கு வேண்டியவர்கள் கையால் செய்து கொடுத்ததைச் சோதிக்கக் கூச்சப்படுகிறோம். அப்படியென்றால் அன்பினால் செய்பவன், காசுக்குச் செய்பவனைவிடக் கூடுதலாக வாய் திறந்து பேசியாக வேண்டும். நான் நேர்மாறாக நடந்துகொண்டேன். பிள்ளைக்கு ஆகாது என்றதும் மைலோ டின்னை நீட்டியவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு என்ன தயக்கம் என்று இப்போதும் புரியவில்லை.

கிழிந்த புடவையைத் தையல்காரரிடம் காட்டினோம். கரையைப் பிரித்து வேறு துணியில் வைத்துத் தைக்கலாம் என்றார். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். இந்தத் தைப்பூசம் முடிந்து பத்துப் புடவைகளை நானும் அவரும் மடித்தோம். முந்தானையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது எனக்கு இன்னும் வரவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்தார். அல்மாரிக்குள் தலையை விட்டு மோந்தார். “நல்ல வாசம்! பூச்சி வராதா தம்பி?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டி, “வராது. பேரன் கட்டுனது” என்றார்.

முட்டை, புழு, சேண்ட்பேப்பர் என்று நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஆன்ட்டி பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டு, அவர் வீட்டுக்கும் ஒன்று செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.