யாருடைய பாட்டு?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் தாண்டி, தமிழ்நாட்டு எல்லை முடிந்ததும் கனகசெட்டிக்குளம் வரும். காரில் போகிறவர்கள் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. இன்னும் அரை மணியில் டவுனே வந்துவிடும் என்ற அவசரம்.

நான் நிறுத்தினேன். டீ குடிக்கத்தான்.

கடை பெஞ்சில் ஒரு பெரியவர். ரிட்டயர்டு வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தவர். கதை அவர்தான், பாட்டு அவர்தான், மெட்டும் அவர்தான். ராஜாவுக்கு அட்டையில் கிரீடம் வெட்டி ஜிகினா ஒட்டியதும் அவரேதான். பேச்சுவாக்கில் மனசில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

“ஆண்டு விழாவுல என் பாட்டைத்தான் பாடுனாங்க தம்பி. பாதி வார்த்தையை மாத்திட்டாங்க. மெட்டு, சினிமா மெட்டு. எழுதுனது யாருன்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லலை. நான் முன் வரிசையிலதான் உக்காந்திருந்தேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எழுதறதை நிறுத்த மாட்டேன், ஆனா இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன். நாலு நோட்டு பீரோவுல பூட்டிக் கிடக்கு. நான் செஞ்சது தப்பா?”

‘தப்பே இல்லை சார்’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே மண்ணுக்குள் படுத்திருக்கிற இன்னொரு நாடக வாத்தியார் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

கனகசெட்டிக்குளத்தை அடுத்துக் காலாப்பட்டு. அங்கே புதுவைப் பல்கலைக்கழகம். அதன் நாடகத் துறைக்கு ‘சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி’ என்று பெயர். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் முதல் இயக்குநர். அந்தப் பெயருக்கு உரியவரின் சமாதி, புதுச்சேரியில் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர் சங்கரதாஸ். முதலில் பார்த்த வேலை, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதுவது. (பி.காம். படித்துவிட்டுப் பேனா பிடிக்க வந்த எனக்கு, இந்த இடத்தில் அவர்மேல் ஒரு தனிப் பாசம்!) இருபத்து நாலு வயசில் பேரேட்டை மூடிவிட்டு நாடகக் கம்பெனிக்குப் போனார். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன் என்று கிடைத்ததெல்லாம் மிரட்டுகிற வேஷங்கள். அவருடைய வேஷத்தைப் பார்த்த பயத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் கரு கலைந்ததாகவும், அதற்கப்புறம் அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள்.

கைதட்டல் வாங்கித் தருகிற வேலையை ஒருத்தர் தானாகவே விடுகிறார். அது அவருடைய முதல் ரிட்டயர்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவர் எழுதினார், பாட்டுக் கட்டினார், சொல்லிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன்... முன்னால் நின்ற மனுஷர் திரைக்குப் பின்னால் போனார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று பெயர் வந்தது அப்போதுதான்.

டீக்கடைப் பெரியவரின் வருத்தம் அவருக்கும் இருந்தது. பெரிய நடிகர்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசுவதில்லை. மேடையில் ஏறியதும் இஷ்டத்துக்கு வசனம், இஷ்டத்துக்குப் பாட்டு. யார் கட்டுப்படுவார்கள் என்று யோசித்தவர், சிறுவர்களைப் பிடித்தார். 1918-ல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’. பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயரெடுத்த பையன்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு.

ஆறு வயசு! அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ராத்திரி நாடகம், பகலில் பாடம், ஊர் ஊராக அலைச்சல். விளையாடுகிற வயசைக் கொடுத்துத்தான் கலையை வாங்கினார்கள். வாத்தியாரைக் கும்பிடும்போது இந்தக் கணக்கையும் மறந்துவிடக் கூடாது.

அந்தச் சின்னப் பையனை மனசில் வைத்து, ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதி முடித்தாராம். நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகளோடு! சண்முகமே பிற்பாடு ‘எனது நாடக வாழ்க்கை’ என்கிற புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார்.

1921-ல் சுவாமிகளுக்கு பக்கவாதம். கை கால் விழுந்தது, பேச்சும் போனது. பாட்டையும் வசனத்தையும் வைத்தே வாழ்ந்தவருக்கு வாய் பேச வரவில்லை! இது அவர் கேட்காமல் வந்த இரண்டாவது ரிட்டயர்மென்ட். அந்த நிலையிலும் கம்பெனியோடு ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் காலமானார்.

வாத்தியார் பேச முடியாமல் கிடக்கிறார். மேடையில் பிள்ளைகள் அவருடைய பாட்டைப் பாடுகிறார்கள். அந்தப் பாட்டு அப்போது யாருடையது? எழுதியவருடையதா, பாடுகிறவனுடையதா?

பதில் தேடி நீங்கள் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போக வேண்டும். அங்கே கோயில் திருவிழாக்களில் ‘ஸ்பெஷல் நாடகம்’ போடுவார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரர் தனி, மிருதங்கக்காரர் தனி. ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் புக் செய்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. ராத்திரி பத்து மணி வாக்கில் கூடி, விடிகிற வரைக்கும் ‘வள்ளி திருமணம்’ நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். எப்படி முடிகிறது? எல்லாருக்கும் பொதுவாக சுவாமிகளின் பாடம் இருக்கிறது. அந்தப் பாதை தெரிந்தால் போதும், முன்பின் பழகாதவர்கள்கூடச் சேர்ந்து நடக்கலாம்.

ஆனால் அவர் எழுதியதை எழுத்து மாறாமலா பேசுகிறார்கள்? எங்கே! வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்தில் சரக்கு உள்ளவர்கள் சொந்தச் சரக்கை அள்ளி விடுவார்கள். பபூன் சினிமாவை இழுப்பார், உள்ளூர் விவகாரத்தை இழுப்பார். எதைப் பொறுக்க முடியாமல் சுவாமிகள் பிள்ளைகளைத் தேடிப் போனாரோ, அதைச் செய்கிறவர்கள்தான் அவரை நூறு வருஷம் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. வார்த்தையை மாற்றுகிற அதே கலைஞர்கள், வருஷா வருஷம் அவருக்கு குருபூஜை நடத்துகிறார்கள். படத்துக்கு மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். வாத்தியார் பெயரை மட்டும் மாற்றுவதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அவர் எழுதிய நாடகங்கள் அறுபத்தெட்டு என்று சொல்கிறார்கள். இன்று பிரதியாகக் கைக்குக் கிடைப்பவை அதில் பாதிகூட இல்லை. மீதி போனது போனதுதான். அவற்றில் யாரும் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை என்பது உண்மை. மாற்றுவதற்கு வார்த்தை இருந்தால்தானே!

எனக்குத் தோன்றுவது இதுதான். கொடுக்கிறவனுக்கு ஒரு தர்மம் இருக்கிறது, வாங்குகிறவனுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. பாட்டைக் கொடுத்த பிறகு, அது அடுத்தவன் வாயில் வேறு மாதிரி ஒலிக்கும் என்பதைப் பொறுத்துக்கொள்வது கொடுக்கிறவன் தர்மம். பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் போய், சாம்பாரில் புளி எவ்வளவு போடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால், ‘இது இன்னார் எழுதியது’ என்று சொல்வது வாங்குகிறவன் தர்மம். மைக்கில் நாலு விநாடி ஆகுமா? அதற்கு மனசு வராவிட்டால் அது மறதி இல்லை, திருட்டு.

அந்தப் பெரியவர் இரண்டையும் ஒரே காயமாக நினைத்துவிட்டார். வார்த்தையை மாற்றியதற்குக் கோபப்பட வேண்டாம். பெயரைச் சொல்லாததற்குக் கட்டாயம் கோபப்படலாம், போய் நேரில் கேட்கவும் செய்யலாம். ஆனால் அதற்காக நோட்டைப் பூட்டினால் தண்டனை யாருக்கு? பெயரை விழுங்கியவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அடுத்த வருஷம் வேறொரு பாட்டு கிடைத்துவிடும். நஷ்டம், அந்தப் பாட்டைப் பாடியிருக்க வேண்டிய பிள்ளைக்கு.

இதைத்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் வர்றான். நல்ல குரல். ஆனா அவனும் வார்த்தையை மாத்துவான் தம்பி” என்றார்.

“மாத்தட்டும் சார். உங்க பேரைச் சொல்லிட்டுப் பாடச் சொல்லுங்க.”

சிரித்தார். பீரோவைத் திறப்பாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

சரி, உங்களைக் கேட்கிறேன். ஆண்டு விழாவில் உங்களுக்கு அட்டைக் கிரீடம் வைத்து, ‘பயப்படாம பேசுடா’ என்று மேடையில் தள்ளிவிட்டாரே ஒரு வாத்தியார்... அந்த வசனம் இன்னும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அவர் பெயரைக் கடைசியாக நீங்கள் எப்போது, யாரிடம் சொன்னீர்கள்?