எலுமிச்சம்பழமும் இயந்திர மூளையும்

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. வந்தவாசிப் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையிலே குங்குமம் பூசிய பூசணித் துண்டுகள் சிதறிக் கிடந்தன. இரு சக்கர வண்டியில் வந்த இளைஞர் ஒருவர் அதன்மேல் சக்கரம் வழுக்கி விழுந்தார், எழுந்தார், முழங்காலைத் தடவிக்கொண்டார். விபத்து வாராதிருக்க உடைத்த பூசணி, விபத்தை வரவழைத்த விந்தையை விழுந்தவரும் எண்ணிப் பார்த்தாரில்லை, உடைத்தவரும் எண்ணிப் பார்த்தாரில்லை. "ஏதோ கண்டம், இத்தோடு போயிற்று" என்றார் அருகே நின்ற பெரியவர். போனது கண்டமாம்! கிடந்ததோ பூசணி!

அன்று மாலை வாசகர் வட்டத்திலே இதைச் சொல்லி நகைத்துக்கொண்டிருந்தோம். ஆரணியிலிருந்து வந்திருந்தார், பட்டுத்தறி நெய்யும் தோழர் ஒருவர். அதிகம் பேசாதவர். அவர் கேட்டார்: "எலுமிச்சம்பழத்தை நம்பி வண்டி ஏறுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம், சரி. ஓட்டுநரே இல்லாத மோட்டார் ஓடுகிறதாமே அமெரிக்காவில். அதிலே உங்கள் பிள்ளையை ஏற்றி அனுப்புவீர்களா?"

நகைப்பு நின்றது. உண்மையை மறைப்பானேன்? விடை உடனே வரவில்லை நமக்கு. விஞ்ஞானம், விஞ்ஞானம் என்று வீதிதோறும் முழங்குகிற நாம், விஞ்ஞானம் கதவைத் திறந்து "ஏறி அமர்க" என்றழைக்கும்போது தயங்கினோம். இந்தத் தயக்கம் பகுத்தறிவா, பழைய அச்சத்தின் புது வேடமா? அன்றிரவு முழுதும் உறுத்திய கேள்வி அது.

ஓட்டுநரில்லா வண்டி கற்பனையன்று. கூகிள் நிறுவனம் 2009இல் தொடங்கிய முயற்சி, வேமோ என்ற பெயரில், 2020 அக்டோபரிலிருந்து ஃபீனிக்ஸ் நகரப் பொதுமக்களை ஓட்டுநரின்றி ஏற்றிச் செல்லத் தொடங்கிற்று. பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் பரவிற்று. காமிரா கண்ணாக, ரேடாரும் லேசர் ஒளியும் தொலைவை அளக்கும் கோலாக, கணிப்பொறி மூளையாக அமைந்த வண்டி. அது குடிப்பதில்லை, கொட்டாவி விடுவதில்லை, தொலைபேசியில் மைத்துனரோடு பேசிக்கொண்டே வளைவில் திரும்புவதில்லை. தந்தை பெரியார் 'இனி வரும் உலகம்' எழுதி, ஆளுக்காள் உருவம் கண்டு பேசும் காலம் வருமென்று சொன்னபோது, பைத்தியக்காரப் பேச்சென்று பழமைவிரும்பிகள் நகைத்தனர். இன்று நகைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கருவியைக் கையிலேந்தியே கோவிலுக்குப் போகிறார்கள். ஆகவே புதுமை என்பதற்காகவே அஞ்சுகிறவர் வரிசையில் நாம் நிற்கலாகாது.

அஞ்சியவர் வரிசை நீளமானது. 1865இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமொன்று இயற்றிற்று: குதிரையில்லாமல் தானே ஓடும் வண்டிக்கு முன்னே, செங்கொடி பிடித்த ஆளொருவன் நடந்து செல்லவேண்டும்! 1896இல்தான் அந்த முன்னடையாளுக்கு ஓய்வு கிடைத்தது. மாடிக்கட்டடத்து லிஃப்டுக்கும் ஓர் ஓட்டுநர் இருந்தார். அவரில்லாமல் பொத்தானை அழுத்தி மேலே போக அஞ்சிய நாகரிகச் சீமான்கள் நியூயார்க்கிலே நிரம்ப உண்டு. இன்று எவர் அஞ்சுகிறார்? சிங்கப்பூரில் 2003இல் திறந்த வடகிழக்குத் தடத்து இரயிலில் ஓட்டுநர் இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்திலே நம் தமிழர்கள், பூக்கூடையும் கையுமாக, முன்பெட்டியில் ஓட்டுநர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்காமல் ஏறுகிறார்கள். தில்லியிலே 2020 டிசம்பர் 28 முதல் அத்தகைய இரயில் ஓடுகிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்காக ஓட்டுநரில்லா இரயில் 2024இல் பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இரயிலுக்குத் தண்டவாளம் உண்டு, தடுப்புக் கதவு உண்டு. வந்தவாசிச் சாலைக்கு? கோரை காய்கிறது ஒரு புறம்; நெல் காய்கிறது மறுபுறம்; நடுவே ஆட்டு மந்தை; எதிர்த்திசையில் வருகிறது கரும்பு டிராக்டர், விளக்கில்லாமல்! இந்தச் சாலையை ஃபீனிக்ஸ் நகரத்து மூளை படித்துத் தேற நாளாகும்.

இனி, ஓட்டுநர் உள்ள வண்டியின் இலட்சணத்தைக் காண்போம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர். எந்தப் போரில் இப்படிச் செத்தோம்? 1760இல் கூட்டும் லாலியும் மோதிய வந்தவாசிப் போரை வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்கிறோம். அந்த ஊர் வழியே ஓடும் சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் போருக்குப் பாடமும் இல்லை, நினைவுக்கல்லும் இல்லை. செத்தவரில் பத்தில் ஏழு பேர் அளவுமீறிய வேகத்தால் செத்தவர்கள் என்று ஒன்றிய அரசின் கணக்கே கூறுகிறது. நாமோ "எழுத்து அப்படி" என்கிறோம். எழுதியவன் பிரம்மனாம்! வேகமானியின் முள்ளை எழுபதிலிருந்து நூறுக்கு ஏற்றிய கால் எவனுடையது? அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போவதற்குத்தான் விதி என்ற சொல் பயன்படுகிறது. குற்றவாளிகளைத் தப்பவைக்கும் வக்கீல் அது; கட்டணம் கேட்காத வக்கீல்.

இந்தக் கொலைக்களத்தின் முன்னே இயந்திரத்தை நிறுத்தினால் அதன் பக்கம் வலுவாகவே இருக்கிறது. வேமோ நிறுவனமும், சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனமும் 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, 2 கோடியே 53 இலட்சம் மைல் ஓட்டத்தை மனித ஓட்டத்தோடு ஒப்பிட்டு, உடற்காயத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கை 92 விழுக்காடு குறைவென்றது. விற்பவனே நிறுத்துக் காட்டும் தராசு என்பதை மறக்கவில்லை. எனினும், எண்ணைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது நம் வழக்கமன்று.

அப்படியிருந்தும் அமெரிக்க ஓட்டுநர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்த வண்டியில் ஏற அஞ்சுவதாக 2025இல் அந்நாட்டு மோட்டார் சங்கம் எடுத்த கணிப்பு கூறிற்று. 2024 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் வட்டாரத்திலே, ஆளில்லா வண்டியொன்றை ஒரு கூட்டம் சூழ்ந்து எரித்தது. படித்த நாட்டிலே ஏன் இந்த வெறுப்பு? மடமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. காரணம் ஒன்றைக் கூறுவோம்.

2018 மார்ச் 18. அரிசோனா மாநிலத்து டெம்பி நகரம். இரவு. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு பெண்ணொருத்தி சாலையைக் கடக்கிறாள். ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி தானே ஓடி வருகிறது. கண்காணிக்க ஓர் ஊழியர் உள்ளே. மோதிற்று; அந்தப் பெண் மாண்டாள். வண்டிக்குக் கண் தெரியவில்லையா? தெரிந்தது! மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே அவளைக் கண்டது என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து சொல்லிற்று. கண்டது, ஆனால் 'மனிதர்' என்று கொள்ளவில்லை. மோட்டார் என்றது, ஏதோ பொருள் என்றது, மிதிவண்டி என்றது, மாற்றி மாற்றி எண்ணிற்று. ஏனெனில், கடக்கும் இடமென்று கோடு போடாத இடத்தில் மனிதர் கடப்பார் என்ற நினைப்பே அதன் மூளையில் எழுதப்படவில்லை. அந்தக் காருக்கு இயல்பாக உள்ள அவசரத் தடை ஏற்பாட்டையும், கணிப்பொறி ஓட்டும்போது செயல்படாதபடி நிறுத்தி வைத்திருந்தனர்.

தோழர்களே, இந்தச் செய்தி நமக்குப் புதிதா? கோட்டுக்கு உள்ளே நின்றால் மனிதன், வெளியே வந்தால் மனிதனல்லன் என்ற ஏடு நமக்குத் தெரியாததா? 1924இல் வைக்கத்துக் கோவிலைச் சுற்றிய தெருக்களிலே நாய் நடந்தது, பன்றி நடந்தது, ஒடுக்கப்பட்ட மனிதர் நடக்கக் கூடாதென்றனர். பெரியார் சிறை சென்றது கோவிலுக்குள் போக அல்ல, தெருவில் நடக்க! சாலையில் நடப்பவரை மனிதராகக் காண்பது நம் இயக்கத்தின் பழைய வழக்கு. டெம்பியின் மூளையை எழுதியவர்கள் சாதிவெறியர் அல்லர், உண்மை. ஆனால் வண்டியில் அமர்ந்தவன் கண்கொண்டு உலகைப் பார்த்து எழுதினார்கள். நடப்பவள் அந்த ஏட்டில் விடுபட்டுப் போனாள்.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். நிறுவனத்தின்மீது குற்ற வழக்குக்கு அடிப்படை இல்லையென்று 2019இல் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். வழக்கு யார்மீது பாய்ந்தது? உள்ளே அமர்ந்திருந்த கூலி ஊழியர்மீது. அவர் சாலையைப் பாராமல் தொலைபேசியைப் பார்த்தது தவறே, ஐயமில்லை. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அவசரத் தடையை நிறுத்திவைக்கச் சொன்னவர் எவரோ, அவர் கூண்டேறவில்லை.

இதை நாம் சொல்லி முடித்ததும் ஆரணித் தோழர் மெல்லச் சிரித்தார். "எங்கள் தறியிலும் உண்டு இந்த நியாயம்," என்றார். "சேலையில் பூ போடுவது ஜக்கார்டு பெட்டி. அட்டையில் துளை குத்தியவர் ஒருவர், கோத்தவர் ஒருவர். நெய்கிறவன் மிதிக்கிறான், நாடா ஓடுகிறது, பூ விழுகிறது. பூ பிழைத்தால் கூலியைக் கழிப்பது மட்டும் நெய்தவனிடம்!"

வியந்துபோனோம். அந்த ஜக்கார்டு பெட்டிதானே இந்த இயந்திர மூளையின் பாட்டன்! பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804ஐ ஒட்டி அதை அமைத்தார். அதற்குமுன் தறியருகே நின்று கயிறிழுத்தவர்கள் சிறுவர்கள். வந்தது அட்டை, விடுபட்டது சிறுவர் கை. நெசவாளர் அதை எதிர்க்கவும் செய்தனர், பிழைப்புப் போகுமே என்று. பின்னர் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு அதே துளையட்டை முறையை எடுத்துக்கொண்டார். ஆரணித் தறியில் பட்டுப் பூவுக்குப் பின்னே அட்டை. அட்டைக்குப் பின்னே ஒரு கை. ஆளில்லா வண்டிக்குப் பின்னேயும் ஆள் உண்டு. அவர் அமர்ந்திருக்கும் அறை மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

2023 அக்டோபர் 2ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவிலே, வேறொரு கார் மோதித் தூக்கியெறிந்த பெண்ணை, குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா வண்டி தன் அடியில் சிக்கவைத்துச் சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. அம்மாதமே கலிபோர்னிய அதிகாரிகள் அதன் உரிமத்தை நிறுத்தினர். வண்டி ஓடியதற்காக மட்டுமல்ல, நடந்ததை நிறுவனம் முழுமையாகச் சொல்லவில்லை என்பதற்காகவும். அங்கே அரசு கேள்வி கேட்டது. விதி என்று யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

எவர் சாகலாம், எவர் பிழைக்கலாம் என்று வண்டி தேர்ந்தெடுக்க நேர்ந்தால் என்ற புதிரொன்றை அறிஞர் பலர் சுவைத்து வாதிக்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தார் உலகெங்கும் மக்களைக் கேட்டு நான்கு கோடி விடை திரட்டி 2018இல் வெளியிட்டனர். ஏற்றத்தாழ்வு மிக்க நாடுகளில், உயர் நிலையாளனைக் காத்து எளியவனைக் கைவிடும் மனப்பான்மை கூடுதல் என்று கண்டனர். மனு செத்துவிட்டான் என்று எண்ணுகிறவர்கள் இதைப் படிக்கலாம். செருமானிய அரசு அமைத்த அறநெறிக் குழுவோ 2017இலேயே, வயது, ஆண் பெண் போன்ற எந்த வேறுபாட்டையும் கொண்டு உயிரைத் தரம் பிரித்தலாகாது என்று விதித்தது. புதிருக்கு அவ்வளவு போதும்.

பிழைப்பு பற்றிய வாதம் அப்படி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி, 2017இலும் மறுபடி 2023 டிசம்பரிலும், ஓட்டுநர் வேலை பறிபோகும் என்பதால் இத்தகைய வண்டியை இந்தியாவுக்குள் விடமாட்டோம் என்றார். ஓட்டுநர் குடும்பத்தின் அடுப்பை எண்ணிப் பேசியது நல்லதே. ஆயின், மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷாவும் பிழைப்புத்தான். 1973இல் கலைஞர் அரசு அதை ஒழித்தபோது, இழுத்தவர்களைத் தெருவில் விட்டுவிடவில்லை. சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. கருவி மாறலாம், மாறுமுன் கைக்கு வழி செய்யவேண்டும். இலாபம் நிறுவனத்துக்கு, பட்டினி ஓட்டுநருக்கு என்றால் அந்த வண்டி எவ்வளவு பத்திரமாக ஓடினால் என்ன?

"சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். பிள்ளையை அனுப்புவீர்களா, மாட்டீர்களா?" என்றார் தோழர், விடாமல்.

சொன்னோம்: சிங்கப்பூர் இரயிலில் இன்றே அனுப்புவோம். டெம்பியில் ஓடிய அந்த வண்டியில் அனுப்பமாட்டோம். ஃபீனிக்ஸில் ஓடுவதிலே, நிறுவனத்தைச் சாராதவர்கள் கணக்கைச் சரிபார்த்துச் சொன்னால், அனுப்புவோம். வந்தவாசி - ஆரணிச் சாலைக்கு அது வருமானால், ஆட்டையும் நெல் துழாவும் அம்மையாரையும் இருட்டில் நடக்கும் கிழவரையும் அது எப்படிக் காண்கிறது என்று முதலில் காட்டட்டும், மோதினால் கூண்டில் நிற்கப்போகிறவரின் பெயரை எழுதிக் கொடுக்கட்டும், பிறகு பேசுவோம்.

தோழர் தலையசைத்தார். ஒப்பினாரா என்று தெரியவில்லை. நேரமாயிற்று; வழியனுப்பப் பேருந்து நிலையம் வரை நடந்தோம். ஆரணி செல்லும் கடைசி வண்டி உறுமிக்கொண்டு நின்றது. முகப்பிலே புது எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும், நேற்றைய பூசையின் வாடிய மாலையும். ஓட்டுநர் விடியற்காலையிலிருந்து ஓட்டுகிறாராம், கண்கள் சிவந்திருந்தன, தேநீரை நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார். ஆரணித் தோழர் அவரைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஏறி, பின்வரிசையில் அமர்ந்துகொண்டார்.