கோபுர வாசலைச் சாத்திட்டுத் தூங்குவோம்



இந்த முறை பல் விளக்குவதைப் பற்றிப் பேசப் போகிறேன். அதுவும் ராத்திரி பல் விளக்குவது. "சமயப் பக்கத்துல இதெல்லாமா?" என்று நினைப்பீர்கள். திருமூலரிடமே போய்க் கேட்போம்.

திருமந்திரத்தில் அவர் நம் உடம்பைக் கோயிலாகவே பார்க்கிறார். சீவன்தான் லிங்கம், ஐம்புலன்கள் விளக்கு என்று சொல்லிக்கொண்டு வருபவர், வாயைக் கோபுர வாசலாக வைக்கிறார். கண்ணை வைத்திருக்கலாம், காதை வைத்திருக்கலாம். வாயைத்தான் வைத்தார். உணவு உள்ளே போவதும் அங்கேதான், இறைவன் பெயர் வெளியே வருவதும் அங்கேதான்.

நம்ம ஊர்க் கோயில்களிலும் அர்த்தசாம பூசை முடிந்து நடை சாத்துவதைப் பார்த்திருப்பீர்கள். வாடின பூவையும் சிந்தின பாலையும் வாசலில் அப்படியே போட்டுவிட்டு யாராவது கதவைப் பூட்டுவார்களா? காலையில் வந்து பார்த்தால் எறும்பு மொய்த்திருக்கும். ஆனால் நாம் அதைத்தான் செய்கிறோம். மாமாக் கடையில் 12 மணி வரைக்கும் பந்து பார்த்துவிட்டு, ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துவிட்டு, நேராகப் படுக்கை.

அப்புறம் நடப்பது சாதாரண வேதியியல். பல்லில் ஒட்டியிருக்கும் சீனியைக் கிருமிகள் தின்று அமிலமாக மாற்றுகின்றன. வாயின் பிஎச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். பகலில் எச்சில் ஊறி அமிலத்தைக் குறைத்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்த்துவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடுகிறது. அதாவது காவலாளி லீவு போட்ட நேரத்தில் திருடனுக்குச் சாப்பாடு போட்டு உட்கார வைக்கிறோம். எலும்பு முறிந்தால் கூடிவிடும். எனாமல் ஒருமுறை ஓட்டையானால் தானாக வளராது.

"ஆனா நம்ம பெரியவங்க காலையிலதானே விளக்கச் சொன்னாங்க?" உண்மைதான். காலையில் குச்சியால் பல் விளக்கி, கண்ணைக் கழுவி, அதன் பிறகு தெய்வத்தைத் தொழச் சொல்கிறது ஆசாரக்கோவை. அந்தக் காலத்தில் நள்ளிரவில் மைலோ ஐஸ் கிடையாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கோயிலில் வாங்கிச் சாப்பிடும் பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும்கூட பல்லில் ஒட்டும் சாமான்தான். பிரசாதத்தைக் குறை சொல்லவில்லை. பிரசாதம் என்பதற்காகக் கிருமி அதை விட்டுவைக்காது.

இன்னொன்று. ஐந்தெழுத்தை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ந' சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் அடியைத் தொடுகிறது. 'வ' சொல்லும்போது மேற்பல் கீழ் உதட்டோடு சேர்கிறது. இந்த எழுத்துகள் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியமே இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறது. ஐந்தில் இரண்டு எழுத்துக்குப் பல் வேண்டும்! முன்பல் விழுந்த பெரியவர்கள் தேவாரம் ஓதும்போது காற்று போவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பக்திக்கு ஒரு குறையும் இல்லை, இறைவன் காதில் அது சரியாகவே விழும். ஆனால் காக்க முடிந்ததைக் காக்காமல் விடுவது வேறு விஷயம்.

அழியப்போகிற உடம்புக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். திருமூலரும் ஆரம்பத்தில் உடம்பைத் தாழ்வாகத்தான் நினைத்தாராம். உள்ளே இருக்கும் பொருளைக் கண்ட பிறகு அதை ஓம்ப ஆரம்பித்ததாக அவரே பாடியிருக்கிறார். நியமங்கள் பத்தைச் சொல்லும்போது முதலில் வைத்ததும் தூய்மையைத்தான். தைப்பூசத்துக்கு 48 நாள் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்த்துப் பார்த்து இருக்கிறோம். அலகு குத்தும் அதே வாய்தானே மற்ற நாளும்?

செய்வது சுலபம். இரண்டு நிமிடம், ஃபுளோரைடு உள்ள பற்பசை, மெதுவாக. ரம்பம் மாதிரி அறுக்க வேண்டாம். விளக்கியதும் துப்பினால் போதும். மடக்கு மடக்காகக் கொப்பளித்தால் ஃபுளோரைடு கழுவிப் போய்விடும். புளிப்பான பானம் குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்து விளக்குங்கள். படுக்கும் முன் சிவபுராணம் ஓதும் பழக்கம் இருந்தால், பல் விளக்கிவிட்டு ஓதுங்கள். அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி பல் செட் போட்டிருந்தால் அதையும் ராத்திரி கழற்றச் சொல்லி, பிரஷால் தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். சிலருக்குக் கை நடுங்கும், கேட்கவும் கூச்சப்படுவாங்க. நீங்களே போய் வாங்கிச் செய்யுங்கள்.