வனாந்தரத்தில் இளைப்பாறலாமா?



குடும்பக் கடமைகள் இன்னும் தீராதிருக்கும்போது, ஒரு காசும் கொண்டுவராத காரியத்தில் ஒரு மனுஷன் சந்தோஷப்படலாமா? பறவைகளைப் பார்க்கிறது, புத்தகம் வாசிக்கிறது, தொட்டியில் ஒரு முருங்கையை வளர்க்கிறது, இவற்றைப் பாவம் என்று யாரும் பிரசங்கிக்கிறதில்லை. ஆனாலும் "இதுக்கெல்லாம் இப்ப நேரமா? ரிட்டயர் ஆன பிறகு பாத்துக்கலாம்" என்கிற ஒரு சத்தம் நம் அநேகருக்குள் இருக்கிறது. அந்தச் சத்தம் சொல்லுகிறது சரிதானா என்பதை இந்த மாதம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

நான் 1994 முதல் அபுதாபியில் இருக்கிறேன். ஒரு கம்பெனியின் ஸ்டோரில் கணக்கு எழுதுகிற வேலை. வயது அறுபதை நெருங்குகிறது. இங்கே இருக்கிற நாங்கள் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் ஒத்திப்போடுகிறவர்கள்: "ஊருக்குப் போன பிறகு." பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவது ஊருக்குப் போன பிறகு. ஒரு புத்தகத்தை நிதானமாய் வாசிப்பது ஊருக்குப் போன பிறகு. அதுவரைக்கும் இந்த மணல் பூமி சம்பாதிக்கிற இடம் மாத்திரம்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்லுகிறேன். இந்தத் தேசத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு வேலையாட்களுக்கு வேலைதான் விசா. வேலை முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும். 55 வயதைத் தாண்டினவர்கள் ரிட்டயர் ஆன பிறகும் தங்கியிருக்க 5 வருஷ விசா ஒன்றை 2018இல் அறிவித்தார்கள். அதற்குப் பெரிய சொத்தோ சேமிப்போ மாத வருமானமோ காட்ட வேண்டும். என் போன்றவனுக்கு அது எட்டாத உயரம். கடைசியில் கையில் கிடைப்பது கிராஜுவிட்டி. முதல் 5 வருஷத்துக்கு, வருஷம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் வருஷம் ஒன்றுக்கு 30 நாள் சம்பளம். ஆனால் மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம். அடிப்படைச் சம்பளத்தையே அளவாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய இருபத்தாறாம் வருஷத்தோடு அந்த எல்லை வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை வருஷம் உழைத்தாலும், அந்த வருஷங்களை அந்தக் கணக்குப் புத்தகம் கூட்டுகிறதில்லை.

நான் குறை சொல்லுவதற்காக இதை எழுதவில்லை. கணக்கு எழுதுகிறவனாய் ஒன்றைக் கவனித்தேன், அதையே சொல்லுகிறேன். ஒரு மனுஷனுடைய வருஷங்களை அளக்கக் காசு போதுமான அளவுகோல் அல்ல என்று காசின் கணக்கே ஒத்துக்கொள்ளுகிறது. அப்படியானால் மிச்சமிருக்கிற நேரத்தை எதினால் அளப்பது?

அபுதாபி நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் அல் வத்பா என்று ஓர் ஏரி இருக்கிறது. அது யாரும் திட்டம் போட்டு வெட்டின ஏரி அல்ல. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நிலையத்திலிருந்து மிஞ்சி வழிந்த தண்ணீர் தாழ்வான உப்பு நிலத்தில் போய்த் தேங்கினது. அந்த மிச்சத் தண்ணீரில் பொடி இறால்கள் பெருகின. அவற்றைத் தேடிப் பூநாரைகள் வந்தன. வந்ததோடு போகாமல் அங்கேயே குஞ்சும் பொரித்தன. 1998இல் அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கினார்கள். 2013இல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் அது சேர்ந்தது. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். தான் தின்கிற இறாலிலிருந்தும் பாசியிலிருந்தும்தான் அதற்கு அந்த ரோஜா நிறம் வருகிறது. அதுவும் ஒரே நாளில் அல்ல, வருஷக்கணக்கில் ஏறுகிற நிறம்.

பிரியமானவர்களே, இதைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். எதைத் தின்கிறதோ அதின் நிறம் அதற்கு வருகிறது. முப்பது வருஷம் கவலையையும் கணக்கையும் மாத்திரமே தின்ற மனுஷன், ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் எழுந்து "இன்றுமுதல் சந்தோஷமாய் இருப்பேன்" என்றால் நிறம் வந்துவிடுமா? இங்கிருந்து ஊருக்குப் போனவர்களில் சிலரைப் பார்த்திருக்கிறேன். வீடு பெரிதாக இருக்கிறது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சந்தோஷப்படுகிறதும் பழக்கத்தினால் வருகிற ஒன்று. பழகாத கை தறியில் உட்கார்ந்தால் நூல் அறுந்துதான் போகும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற இரண்டு காரியங்கள் உண்டு. இரண்டுமே நியாயமானவை. அவற்றைத் தட்டிக்கழிக்காமல் பார்ப்போம்.

முதலாவது, குடும்பம். எங்கள் அறையில் இருக்கிற ஒரு தம்பி என்னிடம் நேராகவே கேட்டான்: "அண்ணே, சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கு. நீங்க பைனாகுலரைத் தூக்கிட்டுக் கிளம்புறீங்க. தங்கச்சி பீஸ் கட்ட வேண்டாமா?" நல்ல கேள்வி. என் இளைய மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். மாதத்தில் நான் ஒரே ஒரு சனிக்கிழமையை எனக்கென்று வைத்துக்கொள்ளுகிறேன். மற்றவை ஓவர்டைமுக்குத்தான். அந்த ஒரு நாளுக்கு எவ்வளவு பணம் குறைகிறது என்று என் மனைவிக்கும் தெரியும். அவளிடம் கேட்டபோது போனில் சொன்னாள்: "போயிட்டு வாங்க. ஆனா பாத்ததை வந்து எனக்கும் சொல்லணும்." என் மகளுக்கு அனுப்புகிற பணம் ஒரு மாதம் போதாமல் போனால் அந்த மாதம் பைனாகுலர் பெட்டியில்தான் இருக்கும். வீட்டாருக்கு மறைத்து அனுபவிக்கிறது திருட்டு. வீட்டாருக்குத் தெரிந்து, அவர்கள் மனசாரச் சம்மதித்து அனுபவிக்கிறது அப்படியல்ல.

இரண்டாவது, அயலான். இது முதலாவதைவிடக் கடினமானது. இந்தத் தேசத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணிவரை திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதி. அப்படி ஒரு விதி தேவைப்படுகிறது என்றாலே அந்த வெயில் எப்படிப்பட்டது என்று யூகித்துக்கொள்ளுங்கள். எனக்கு அழகாய்த் தெரிகிற சாயங்கால மணல், காலையிலிருந்து பலகை சுமந்த ஒருவனுக்கு அன்றைய பாடு முடிந்தது என்கிற அடையாளம் மாத்திரம். அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "என்ன அழகு, என்ன அழகு" என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

இதற்குப் பதிலை நான் புத்தகத்தில் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் அறையில் ஷட்டரிங் வேலை செய்கிற ஒரு சகோதரர் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை அவருக்கும் லீவு கிடைத்தது. "வர்றீங்களா?" என்று கேட்டு ஏரிக்கு அழைத்துப் போனேன். பைனாகுலரை அவர் கையில் கொடுத்து, பறவையின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "பூநாரைண்ணே இது. எங்க பழவேற்காட்டு ஏரியில வந்து கூட்டமா நிக்கும். எங்கப்பா வலை போடுறப்ப பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்" என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் தகப்பனாரைப் பற்றியே பேசினார். நான்கு வருஷம் ஒரே அறையில் படுத்துத் தூங்கியும் அவருக்கு அப்படி ஒரு தகப்பன் இருந்தது எனக்குத் தெரியாது. கஷ்டப்படுகிறவனுக்கு அழகு வேண்டாம், காசு மாத்திரம் போதும் என்று தீர்மானிக்க நாம் யார்? பக்கத்தில் இருப்பவனைக் காணவிடாமல் நம் கண்ணைக் கட்டுகிற ரசனை தவறு. அவனையும் கூப்பிட்டுக் காட்டுகிற ரசனை அன்பு.

வேதத்தில் ஒரு ஐசுவரியவானின் உவமை இருக்கிறது. பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டி, அதற்குப் பிறகு புசித்துக் குடித்துப் பூரிப்பாயிருக்கலாம் என்று எண்ணினான். அன்று இராத்திரியே அவன் ஆத்துமா கேட்கப்பட்டது. இந்த உவமையைக் காட்டி, சந்தோஷப்படுகிறதே ஆபத்து என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் அவன் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். அவனும் "பிறகு" என்று ஒத்திப்போட்டவன்தான். சந்தோஷத்தையும் தானியத்தைப்போலக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம் என்று நினைத்தான். தன் ஆத்துமாவோடு பேசினானேயொழிய வேறொருவரிடமும் பேசவில்லை.

ரிட்டயர்மென்ட் என்பது நம் காலத்துப் புது ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். எண்ணாகமத்தில், சீனாய் வனாந்தரத்திலேயே, லேவியருக்கு 50 வயதில் பணிவிடை ஓய வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. அதற்குப் பிறகு பாரமான வேலை இல்லை; ஆனால் தங்கள் சகோதரரோடேகூட இருந்து காவல் காக்கலாம். சுமக்கிற வேலை முடிந்து, காக்கிற வேலை தொடங்குகிறது. பவுல் தன் ஓட்டத்தின் முடிவில், சிறையிலிருந்து தீமோத்தேயுவிடம் கேட்டனுப்பினவை என்ன? ஒரு மேலங்கியும் புஸ்தகங்களும். சாவு கிட்டத்தில் இருக்கையில் புஸ்தகம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை.

காக்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மணலுக்கே உரிய அரேபிய ஒரிக்ஸ் என்கிற வெள்ளை மான், காட்டில் கடைசியாக 1972இல் அற்றுப்போனது. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே சிலர் மிஞ்சியிருந்த சிலவற்றைப் பிடித்து, அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பீனிக்ஸ் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் வைத்து வளர்க்க ஏற்பாடு செய்தார்கள். 1982இல் அந்த வம்சத்து மான்களை ஓமானில் மறுபடியும் திறந்துவிட்டார்கள். அது அழிவின் விளிம்பிலிருந்து மீண்டுவருகிறது என்று 2011இல் உலகப் பட்டியலிலும் அதின் நிலையை மாற்றி எழுதினார்கள். "இந்த மானால் எனக்கு என்ன லாபம்?" என்று மாத்திரம் எல்லாரும் கேட்டிருந்தால் இன்று அது படத்தில்தான் இருந்திருக்கும். ரசிக்கத் தெரிந்தவனுக்கே காக்கவும் மனம் வரும்.

ஆகவே ரிட்டயர் ஆகும் நாளை எதிர்பார்த்திருக்கிற சகோதரரே, மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் இளைப்பாறுதல் வீட்டாருக்குத் தெரிந்ததாய் இருக்கட்டும். அது இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போகக்கூடியதாய் இருக்கட்டும். அது விசாவோடு முடிந்துபோகாததாய் இருக்கட்டும்.

மூன்றாவதற்கு ஒரு விளக்கம் சொல்லி முடிக்கிறேன். இங்கே காஃப் என்று கொண்டாடுகிற மரம் ஒன்று உண்டு. 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டு என்று அறிவித்தபோது அதையே சின்னமாக வைத்தார்கள். மணலுக்கு அடியில் வெகு ஆழத்தில் இருக்கிற தண்ணீரைத் தேடி வேர்விட்டு, கோடையிலும் பச்சையாய் நிற்கிற மரம். வெகுநாள் கழித்துத்தான் ஒரு புத்தகத்தில் வாசித்துத் தெரிந்துகொண்டேன், அது நம்மூர் வன்னி மரமே. அப்படியே ஆகஸ்ட் 24 வாக்கில், விடியுமுன் தென்கிழக்கில் ஒரு நட்சத்திரம் தலைகாட்டும். அரபிகள் அதைச் சுஹைல் என்பார்கள். அது தெரிந்தால் வெயிலின் உக்கிரம் தணியப்போகிறது என்று அவர்களுக்குச் சந்தோஷம். நம் பெரியவர்கள் அகத்திய நட்சத்திரம் என்று சொன்னதும் அதையே. அபுதாபியில் அது அடிவானத்துக்குச் சற்று மேலே மாத்திரம் ஏறும். நம் திருநெல்வேலிப் பக்கத்திலோ அதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்கும்.

விமானத்தில் கொண்டுபோகிற பெட்டிக்கு எடை வரம்பு உண்டு. இந்த இரண்டும் எடையில் சேராது. இவற்றை அடையாளம் காணுகிற கண் வேண்டும். அதை ஊருக்குப் போன பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது. இந்த மாதத்தில் ஒரு நாளை, வீட்டில் கேட்டுக்கொண்டு, எடுத்து வையுங்கள். போகும்போது பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவரையும் கூப்பிடுங்கள்.

அன்பின் வாழ்த்துதல்களுடன்,
உங்கள் சகோதரன்.