பூவா, தலையா?

நியூயார்க் பரூக் கல்லூரியின் நிதிப் பொறியியல் முதுகலை போன்ற படிப்புகளுக்கு மதிப்பெண் மட்டும் போதாது, நேர்காணலும் உண்டு. இத்தகைய நேர்காணல்களுக்குத் தயாராகிறவர்கள் தவறாமல் போட்டுப் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று. நாணயத்தைச் சுண்டுகிறோம். அடுத்தடுத்து இரண்டு தலை விழச் சராசரியாக எத்தனை முறை சுண்ட வேண்டும்? ஆறு. சரி, தலை விழுந்து அடுத்ததே பூ விழ? நான்குதான்!

இரண்டு சுண்டலில் இரண்டுக்குமே வாய்ப்பு நான்கில் ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ஒரு தலை விழுந்துவிட்டது, பூவுக்குக் காத்திருக்கிறோம். மறுபடி தலையே விழுந்தாலும் நஷ்டமில்லை. கையில் ஒரு தலை அப்படியே இருக்கிறது. இரண்டாவது தலைக்குக் காத்திருப்பவருக்கோ ஒரு பூ விழுந்தால் போதும், எல்லாம் போச்சு. முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கடன் வாங்கிப் பங்குச் சந்தையில் இறங்கியவரின் கதையும் ஏறக்குறைய இதேதான்: ஒரு சரிவு போதும், எல்லாம் போச்சு.

விடையை மனப்பாடம் செய்து வருகிறவர் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வார். ‘தொடர்ந்து மூன்று தலை விழ?’ என்று கேட்டால் போதும். வாய்விட்டுப் படிப்படியாகக் கணக்குப் போட்டுப் பதினான்கு என்ற விடைக்கு வருகிறவரைத்தான் ஆசிரியர்கள் தேடுகிறார்கள். நடுவில் தடுமாறித் திருத்திக்கொண்டாலும் பரவாயில்லை.

விண்ணப்பிக்கும் தம்பி, தங்கையரே, இன்றிரவு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து நூறு முறை சுண்டிப் பாருங்கள்.